மலையடிவாரக் குழியில் முதல்தரக் கரி

வேப்பந்தட்டை,
பங்குனி, 2006

அரியலூரில் இருக்கும் மச்சான் சாமிதுரை அவர்களுக்கு மாப்பிள்ளை அமாவாசை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அம்சவள்ளியும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

மாசியில் பச்சைமலை அடிவாரம் எரிந்தது. அது என் கரிமூட்டத்திலிருந்து பரவவில்லை. போன வாரம் உங்கள் வயலைப் பார்க்க வந்த நீங்கள், "மாப்ள மூட்டந்தான் பத்த வச்சிருக்கும்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்களாம். பரவாயில்லை, டீக்கடை என்றால் பேசத்தான் செய்வார்கள். ஆனால் பாரஸ்ட் ரேஞ்சர் காதுக்கும் அது போய், விசாரணை முடியும்வரை மூட்டம் போடக்கூடாது என்றுவிட்டார். தப்பு என்மேல் என்று ஆனால் மலை ஓரத்தில் இனி எப்போதுமே கரி சுட முடியாது. தலைச்சுமையாக விறகு விற்றவன் லாரியில் கரி ஏற்றுகிறேன் என்றால் அது இந்த மூட்டத்தால் வந்தது. உங்களுக்குத் தெரியாததா?

அந்த நேரம் பார்த்து வெற்றிச்செல்வி என்று ஒரு ஆராய்ச்சிப் பெண் கரி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தது. வாங்க வந்த பார்ட்டி என்று நான் ரேட்டெல்லாம் சொல்லிவிட்டேன். அதற்கு வேண்டியது மண்ணுக்குள் இருக்கிற கரியாம். அடிவாரத்தில் இடுப்பளவு குழி தோண்டி, சாண் சாணாக மண்ணைச் சுரண்டி, சல்லடையில் அலசி, எள்ளளவு கரியைச் சின்ன இடுக்கியால் பொறுக்கிக் கவரில் போட்டது. காடு எரியும்போதெல்லாம் கொஞ்சம் கரி மண்ணில் தங்குமாம். மேலே கிடப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு, அடியில் இருப்பது ரெண்டாயிரம் வருஷத்துக் கரியாகக்கூட இருக்கலாம், லேபில் பார்த்தால்தான் வயசு தெரியும், ஆனால் எரிந்தது என்ன மரம் என்பதை லென்சிலேயே சொல்லிவிடலாம் என்றது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது மச்சான். நேராக ரேஞ்சரிடம் போய், ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி மூட்டமும் இல்ல, அமாவாசையும் இல்ல, எரியறது இந்த மலைக்கே பழக்கம், மண்ணே சாட்சி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தீயில உன்ன விட்டாச்சுய்யா. மாசியில எரிஞ்சதுக்குச் சொல்லு" என்றார்.

இதற்கிடையில் நம்ம பிச்சைமுத்து பண்ணின காரியத்தைக் கேளுங்கள். இருபது வருஷமாக மூட்டத்தில் கரி பிரிக்கிறவன். அந்தப் பொண்ணு வெயிலில் குந்திக்கொண்டு எள்ளளவு பொறுக்குவதைப் பார்த்து அவனுக்கு மனசு தாங்கவில்லை. அது சாப்பிடப் போன நேரத்தில் ஒரு மூட்டையைப் பிரித்து, முதல்தரக் கரியாகப் பொறுக்கி, கடப்பாரையால் குழிச்சுவரில் பொந்து போட்டு, மேலேயிருந்து அடிவரை ஒரே சீராகச் சொருகி, மண்ணைப் பூசிவிட்டான். அது வந்து லென்சை வைத்துப் பார்த்துவிட்டுக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ரெண்டாயிரம் வருஷ ஆழத்தில் சீமைக்கருவேலம்! அந்த மரம் நம்ம பக்கம் வந்தே ரெண்டு மூணு தலைமுறைதான் இருக்கும். பிச்சைமுத்து பக்கத்தில் நின்று, "போதுமாங்க, இன்னொரு மூட்டை எடுத்தாரட்டுங்களா" என்று கேட்டிருக்கிறான். அது அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், "அண்ணே, நல்ல மனசோடதான் செஞ்சீங்க. இனிமே குழிப்பக்கம் மட்டும் வராதீங்க" என்றதாம்.

இப்போது வருகிற திங்கட்கிழமை அந்தப் பொண்ணு ரேஞ்சர் முன்னாலேயே புதுசாகத் தோண்டப் போகிறது. மூட்டத்திலிருந்து மலைவரைக்கும் மேல்மண்ணை எடுத்து, மாசித் தீ எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போகிறார்கள். மனுஷன் மாற்றிப் பேசுவான், மண் மாற்றிப் பேசாது. எவனோ பொறுப்பில்லாத பயல் வைத்த தீ என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பக்கத்து வயல்காரர், நாலு பேர் மதிக்கிற ஆள். வந்து என் பக்கம் நில்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வாலிகண்டபுரத்துச் சாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அமாவாசை

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்க மறந்ததில் திங்கட்கிழமையும் வந்து போய்விட்டது. மூட்டத்துக்கும் மலைக்கும் நடுவில் கரியே இல்லை. மலை ஓரத்தில் கிடைத்ததெல்லாம் கருகின மக்காச்சோளத் தட்டை. வர வர அதிகமாகி, கடைசியில் உங்கள் வரப்பில் வந்து நின்றது. யார் வயல் என்று ரேஞ்சர் கேட்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிச்சைமுத்துதான் நல்ல மனசோடு உங்கள் பெயரையும் அரியலூர் விலாசத்தையும் சொன்னான். அம்சவள்ளியிடம் வந்து சொன்னால், "மாசியில அண்ணன் தட்டையைக் கொளுத்திட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடனப்பவே நெனச்சேன்" என்கிறாள். ஏண்டி சொல்லல என்றால், "நீங்க என்னக் கேக்கலியே."

ஆகவே நீங்கள் சாட்சிக்கு வர வேண்டாம், வேறு வகையில் கூப்பிடுவார்கள். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று உங்களுக்காகப் பேசுகிறேன். அதற்கு உங்கள் சார்பில் அம்சவள்ளி ஒத்துக்கொண்டது: டீக்கடையில் சொன்னதை அதே டீக்கடையில் நீங்களே மாற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் தரிசில் நிற்கிற சீமைக்கருவேலம் மூன்று வருஷத்துக்கு என் மூட்டத்துக்கு. வெட்டுக்கூலி உங்களது.