பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பிளாக் பெல்ட்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூடக் குறிபார்த்து அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்த மறுமாதமே மாஸ்டருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கராத்தே அப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்தில் இவரைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது வரிசையில் இருப்பார். பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த எலுமிச்சை ஜூஸை இவரே குடித்துக்கொண்டு, மெத்தையில் பிள்ளை காலைத் தூக்கினால் தானும் தூக்கி, முன்னால் இருப்பவரின் முதுகில் ஒன்று வைத்து, மன்னிப்புக் கேட்பதற்குள் அடுத்ததையும் வைத்துவிடுவார். பிள்ளை ஜெயித்தால் அது இவர் சொல்லிக்கொடுத்த கிக். தோற்றால்? நடுவர் சரியில்லை.

சந்தவாசலில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் குணசீலன் இந்த இனத்தில் சுத்த அசல். இவருக்கு இரண்டு பெண்கள்: ஏழாவது படிக்கும் அபிநயா, ஐந்தாவது படிக்கும் பிரியதர்ஷினி. போன வருடப் போட்டியில், மலைமேல் சாமை பயிரிடும் வீட்டுப் பெண் ரஞ்சிதம், அபிநயாவை நாற்பதே விநாடியில் முடித்து அனுப்பினாள். அன்றிலிருந்து அபிநயாவுக்கு ஒரே ஆசை, ரஞ்சிதத்தோடு இன்னொரு முறை மோத வேண்டும். அப்பாவுக்கும் ஒரே ஆசை, மோதவே கூடாது. எனவே இந்த வருடம், அதே மலைமேல் ஜமுனாமரத்தூரில் நடக்கும் போட்டியின் விண்ணப்பத்தில், யாரிடமும் சொல்லாமல், மகளின் வயதில் இரண்டைக் குறைத்துப் பதினோரு வயதுக்குட்பட்டோர் பிரிவில் சேர்த்துவிட்டார்.

அபிநயா தன்னைவிட ஒரு தலை குட்டையான பிள்ளைகளை வரிசையாக வென்றாள். ஒரு வெற்றிக்குக்கூட அவள் முகம் மலரவில்லை. இறுதிப் போட்டிக்கு மைக்கில் கூப்பிட்டபோதுதான், சின்னவளும் அதே பிரிவு என்பது குணசீலனுக்கு உறைத்தது. எதிரெதிரே அக்காவும் தங்கையும். யாருக்காகக் கத்துவது? அன்றைக்கு முதல் முறையாக இவருடைய இரண்டு கால்களும் தரையில் இருந்தன.

நடுவர் ஆனந்தன் இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இன்னாங்க இது, அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நாலே மாசம் வித்தியாசம் போட்டிருக்கு?"

குணசீலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க?" என்றார் கோகிலவாணி. "பெத்தது நான். எழுதுனது நீங்க."

மண்டபமே சிரித்தது. அபிநயா மட்டும் சிரிக்காமல் நடுவரிடம் போனாள்.

"சார், நான் ஏழாவது படிக்கிறேன். என்னை ரஞ்சிதத்தோட உடுங்க சார்."

விதி விதிதான். அபிநயாவின் பெயரை அடித்துவிட்டுத் தங்கைக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஆனந்தனுக்கு மனம் இளகிவிட்டது. ரஞ்சிதமும் சரி என்றதால், பதக்கமில்லாத ஓர் ஆட்டத்துக்குக் கடைசியில் இடம் கொடுத்தார். அபிநயா மறுபடியும் தோற்றாள். ஆனால் வீங்கிய உதட்டோடு, அன்று முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"ரெண்டு நிமிஷம் நின்னேன்பா."

"எடது காலத் தூக்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார் குணசீலன். கோகிலவாணி பார்த்த பார்வையில் மீதியை ஜூஸோடு விழுங்கினார். மலை இறங்கும் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும், நடுவர் சரியில்லை என்று மெதுவாகச் சொல்லி வைத்தார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். இருந்தாலும் உங்கள் பிள்ளை மெத்தை ஏறும் நாளில் ஒரு முறை குனிந்து பாருங்கள். கால் இரண்டும் தரையில்தான் இருக்கின்றனவா? சந்தேகமாக இருந்தால், முன் வரிசைக்காரரிடம் அவர் முதுகைப் பற்றி விசாரியுங்கள்.