நாக்கைத் தூக்குங்க

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபதுக்கு, நகர சுகாதார நிலையத்தின் பின்பக்க அறையில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் காசநோய் சிகிச்சையின் நூற்று அறுபத்தெட்டாவது நாள் மாத்திரைகளை விழுங்கினார். சிகிச்சை மொத்தம் நூற்று எண்பது நாள்.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

திறந்தார். தூக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அட்டையில் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். நோயாளிகள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் தெருமுனையில் துப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

"இன்னும் பன்னிரண்டு நாள்தான்," என்றார் டீச்சர், அட்டையைப் பார்த்தபடியே. "அப்புறம் உங்களுக்கு விடுதலை."

மெக்கானிக் அட்டையில் மிச்சமிருந்த வெற்றுக் கட்டங்களை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டுதான்.

மார்ச் மாதம் இங்கே வந்தபோது அவருக்கு மூன்று வார இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், பெல்ட்டில் புது ஓட்டை போடும் அளவுக்கு மெலிவு. லிஃப்ட் குழியின் தூசிதான் காரணம் என்று நினைத்திருந்தார்.

"தூசி இல்ல, கிருமி," என்று டீச்சர்தான் விளக்கினார். "யாரோ இருமினது காத்துல வந்திருக்கு, நீங்க மூச்சுல இழுத்திருக்கீங்க. ஆறு மாசம் ஒழுங்கா முழுங்கினா முழுசா குணமாகிடும். நடுவுல விட்டா, மிஞ்சின கிருமி மருந்தைப் பழகிக்கும். அப்புறம் இந்த மாத்திரை அதுக்கு மிட்டாய் மாதிரி."

நாற்பத்தாறு வயது வரை தனியாகவே இருந்த மனிதர். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரிடம் "லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று மட்டுமே கேட்டார்கள். இங்கே ஒருவர் தினமும் காலையில், ஞாயிற்றுக்கிழமைகூட, "ஒண்ணும் சாப்பிடலையே?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் விழுங்கவேண்டிய மாத்திரை என்பதால் வந்த கேள்விதான். அதைக் கேட்டே அவருக்கு வயிறு நிறைந்தது.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடவும் பார்த்தார். ஆனால் அவர் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் டீச்சர் டார்ச் அடித்தார்.

பத்தாம் தேதி காலை மெக்கானிக் இருமினார்.

பல மாதங்களாக இருமாததால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அது கனைப்புக்கும் தும்மலுக்கும் நடுவில் எதுவாகவோ வந்து விழுந்தது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"நேத்துலேருந்து."

"சளி வருதா?"

"வரும்னு நினைக்கிறேன்."

கையில் ஒரு டப்பியைக் கொடுத்து, "எச்சில் வேண்டாம், நெஞ்சுலேருந்து எடுங்க," என்று அனுப்பினார். மெக்கானிக் கட்டடத்துக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பாடுபட்டார். நெஞ்சு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கடைசியில் எதையோ துப்பிக் கொடுத்தார்.

அங்கே சளியைச் சோதிக்கும் மைக்ராஸ்கோப்புக்காரர் டப்பியோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, இது வெறும் எச்சில். கிருமி ஒண்ணும் இல்ல. காப்பிதான் இருக்கு."

டீச்சர் முகம் மாறியது. "காப்பி குடிச்சுட்டா மாத்திரை போட்டீங்க?"

"அரை டம்ளர்தான்."

"ஆறு மாசமா இப்படித்தானா?"

"ஐயோ, இல்லைங்க. இன்னிக்குத்தான். தொண்டைக்கு இதமா இருக்கும்னு."

டீச்சர் அட்டையை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இருக்கிற பதினோரு நாளும் இப்படியே போய்விடுமோ என்று மெக்கானிக்குக்குக் கவலை வந்துவிட்டது. எடை பார்க்கும் நாளில், வழக்கமாகக் கால்சட்டைப் பைகளில் கிடக்கும் ஸ்பேனர்களையும் திருப்புளிகளையும் எடுத்துச் சைக்கிளில் மாட்டிவிட்டு எடை மேடையில் ஏறினார்.

"ஒரே வாரத்துல ரெண்டரைக் கிலோவா?" டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்புக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தழும்பு மட்டும்தான் இருக்கு. மத்தபடி வெள்ளையடிச்ச வீடு மாதிரி சுத்தம். வாடகைக்கு விடலாம்."

"விளையாடாதீங்க," என்றார் டீச்சர். "இருமல் இருக்கு, எடை குறையுது. எங்கேயோ ஒளிஞ்சிட்டிருக்கு."

அவர் கண்களுக்குக் கீழே கருத்திருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. இப்போதே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று வாயைத் திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார்.

பதினைந்தாம் தேதி டீச்சரே கேட்டார். "சாயங்காலம் காய்ச்சல் வருதா?"

அவ்வளவு அக்கறையோடு கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல மனது வரவில்லை. "இப்பவே இருக்குங்க."

தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்துவிட்டு டீச்சர் அட்டையை எடுக்கத் திரும்பினார். மேஜைமேல், மாத்திரைக்காக டீச்சர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் வெந்நீர் டம்ளரில் ஆறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தெர்மாமீட்டரை அதில் முக்கியபோது, அது அவர் நினைத்த அளவுக்கு ஆறியிருக்கவில்லை.

"நூத்தியெட்டா?"

டீச்சர் பதறிப்போய் அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். தூக்கமில்லாமல் அந்தக் கையே கொதித்துக்கொண்டிருந்ததால் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாடித்துடிப்பு நூற்று இருபத்தெட்டு. இதில் மட்டும் மெக்கானிக் எந்த மோசடியும் செய்யவில்லை.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போகலாம், நாடி கெட்டுப்போகாது," என்று சொல்லி டீச்சர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கப்போவதாக டாக்டர் சொன்னார்.

"எப்ப தெரியும் டாக்டர்?"

"வளர்ந்தா சீக்கிரம் தெரியும். வளரலைன்னு உறுதியாச் சொல்ல ஆறு வாரம் ஆகும்."

இல்லாத கிருமி வளர்வதற்காக மெக்கானிக் தனியறையில் காத்திருந்தார்.

அங்கே மாத்திரை கொடுப்பவர் அதை உள்ளங்கையில் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார். முதல் நாள் மெக்கானிக் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பல்லு வலியா?" என்றார் அவர்.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். செப்டம்பர் இருபத்தொன்று வந்தது. நூற்று எண்பதாவது நாள் மாத்திரையை யாரும் பார்க்காமல் விழுங்கினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் பாதி மரமும் தெரிந்தன. டீச்சர் இந்நேரம் வேறு யாருடைய நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்காமலே இருந்திருக்கலாம்.

சாயங்காலங்களில் முகக்கவசத்தோடு வராந்தாவில் உட்கார விட்டார்கள். இரண்டு பெஞ்ச் தள்ளி ஒரு பால்வண்டி ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார்.

"எந்த சென்டர் அண்ணே?" என்று ஒரு நாள் கேட்டார். மெக்கானிக் சொன்னார்.

"அட, நானும் அதேதான். டீச்சர்தானே? நாக்கைத் தூக்குங்க?"

மெக்கானிக்குக்கு அந்தக் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. "அவங்களேதான். நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

"ஆட்டம் போட்டேன், வந்தேன். மூணாவது மாசம் இருமல் நின்னுடுச்சு. நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரையை அலமாரியிலேயே விட்டுட்டேன். திரும்பி வந்துடுச்சு. இப்ப பழைய மருந்துக்கு அசைய மாட்டேங்குது."

"அலமாரியிலயா? மாத்திரை எப்படி உங்க வீட்டுக்குப் போச்சு? நான் ஆறு மாசமும் தினம் காலையில அவங்க எதிர்லதானே முழுங்கினேன்."

ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முதல் ரெண்டு மாசம்தானே அண்ணே அந்தக் கணக்கு? அப்புறம் மாசத்துக்கு ஒரு பொட்டலம் கையில கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே. உங்களை மட்டும் எதுக்கு தினம் வரச் சொன்னாங்க?"