அரியதரத்தில் காபன் பார்ப்பவர்

மனிதர்களில் மூலக்கூறு பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. காங்கேசன்துறையில் ரயில் ஏறினால் யாழ்ப்பாணம் வந்து இறங்குவதற்குள் பெட்டிக்கு ஒருவராவது அகப்படுவார். அடையாளம் சுலபம். நீங்கள் கடலையை வாயில் போடப் போகும் நேரம் பார்த்து, "உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்பவர் அவர்தான். கடலைதான் இருக்கிறது என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்.

இவர்கள் ரசாயன ஆசிரியர்கள் அல்லர். ஆசிரியர்கள் டியூசன் முடிந்ததும் ரசாயனத்தை அந்தக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறவர்கள். இவர்களோ உயர்தரத்தில் உயிரியல் படித்து, சில புள்ளிகளால் மருத்துவ பீடத்தைத் தவறவிட்டவர்கள். முப்பது வயதில் பதினைந்து புள்ளியாக இருந்தது அறுபதில் மூன்றாகிவிடும். இன்னும் பத்து வருடம் பொறுத்தால் அனுமதிக் கடிதமே வந்துவிடும்.

சுன்னாகத்துத் தியாகலிங்கத்தாரை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேக்கரியிலிருந்து பாண் வந்தால், பாண் என்பது மாப்பொருள், மாப்பொருள் என்பது குளுக்கோசுகள் வரிசையாய்க் கைகோத்து நிற்பது என்று பாண் ஆறும்வரை விளக்கி, முட்டை பொரிந்தால் புரதம் இயல்பிழந்துவிட்டது என்று துக்கம் விசாரிக்கிற குரலில் அறிவித்து, சந்தையில் ஒருவர் ரசாயன உரம் படாத சேதன வெங்காயம் என்று ஆசையாய் எடுத்து நீட்டினால், "காபன் இருக்கிறதெல்லாம் சேதனம்தான் தம்பி, மண்ணெண்ணையும் சேதனம்தான்" என்று அந்த மனிதரின் வியாபாரத்தையும் கெடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். செத்த வீட்டில்கூட விடமாட்டார். ஆளும் காபன், விறகும் காபன் என்பார். யாருக்கு ஆறுதல் அது?

இவரோடு முப்பத்தாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவர் குணலட்சுமி.

"காபனுக்கு நாலு கை, குணம். ஆரோடையும் கைகோக்கும்."

"உங்களுக்கு ரெண்டு இருக்கு. உந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ."

இத்தனைக்கும் தியாகலிங்கத்தாருக்குச் சீனி வருத்தம் இல்லை, கொழுப்பும் இல்லை. ரத்தம் சோதித்தால் ரிப்போட் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குணலட்சுமி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் மகன் கஜீபனின் கல்யாணப் பேச்சு என்று வந்தபோது பொறுக்க அவர் தயாராக இல்லை. பெடியனுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. பார்த்த சாதகம் ஒன்றும் பொருந்தாமல் போய், கடைசியில் தெல்லிப்பழையில் கோபிகா என்ற பெண்ணின் சாதகம் பொருந்தியது. பொருந்திய நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் கதைக்கிறார்கள். தன்பாட்டில் சிரித்தறியாத பிள்ளை கிணற்றடியில் நின்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நிலைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தாய்க்கு வேண்டியிருந்தது.

மகனையும் கூட்டிக்கொண்டு சம்பந்தம் பேசப் போகிற வழியில், ஓட்டோவுக்குள் வைத்தே கணவரிடம் சொன்னார். "இஞ்சாருங்கோ, அங்கை போய் ஒண்டும் விளக்க வேண்டாம். தாறதை வாங்கிச் சாப்பிடுங்கோ."

"நான் எப்ப விளக்கினனான்?" என்றார் தியாகலிங்கத்தார்.

தெல்லிப்பழையில் பெண்ணின் தகப்பன் பஞ்சலிங்கம் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். தாய் சிவகௌரி தட்டம் நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். நடுவில் அரியதரம், அரிசிமாவும் சீனியும் குழைத்துப் பொன்னிறமாய்ப் பொரித்தது. உங்களுக்குத் தெரியாததல்ல, சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழும்பினால் வேறு இடம் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் எல்லாக் கண்ணும் தியாகலிங்கத்தாரின் வலது கையில்தான் இருந்தது.

கை போயிற்று. ஓர் அரியதரத்தை எடுத்தது. குணலட்சுமி மூச்சு விட்டார்.

கை வாய்க்குப் போகவில்லை. யன்னல் வெளிச்சத்துக்குப் போயிற்று.

"இதிலை பாருங்கோ, மாப்பொருள் இருக்கு. சுக்குரோசு இருக்கு. ரெண்டும் எண்ணையிலை முங்கியிருக்கு. தேங்காயெண்ணைதானே? நிரம்பிய கொழுப்பு. சங்கிலியிலை இரட்டைப் பிணைப்பு எண்டு மருந்துக்கும் இராது." எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "எனக்கு வேண்டாம்." அரியதரத்தைத் திரும்பத் தட்டத்தில் வைத்தார்.

சிவகௌரியின் முகம் செத்துப்போயிற்று. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனுசி. உள்வாசலில் நின்ற கோபிகா திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்தாள். கஜீபன் நிலத்தைப் பார்த்தான். பஞ்சலிங்கம் மெல்ல எழுந்தார்.

"விளங்குது அண்ணை. நீங்கள் வெளிக்கிட வேணுமெண்டால் வெளிக்கிடுங்கோ. எங்களுக்கு மனவருத்தமில்லை."

தியாகலிங்கத்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்லை, நான் காபோவைதரேற்றைப் பற்றி..." என்று தொடங்கினார்.

முடிக்கவில்லை. குணலட்சுமி, இத்தனை வருடத்தில் சபையில் கணவருக்குப் பக்கத்தில்கூட நெருங்கி இருந்தறியாத குணலட்சுமி, அவர் திரும்ப வைத்த அந்த அரியதரத்தையே எடுத்து, திறந்திருந்த அந்த வாய்க்குள் வைத்து அமத்திவிட்டார்.

"சாப்பிட்டிட்டுக் கதையுங்கோ," என்றார்.

வீடே பார்த்துக்கொண்டிருந்தது. துப்ப முடியாது. தியாகலிங்கத்தார் சவைத்தார். முதலில் கோபத்தோடு, பிறகு யோசனையோடு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. விழுங்கியதும் கை தானாகவே தட்டத்துக்குப் போயிற்று.

"நல்லாயிருக்கு," என்றார். "இன்னொண்டு எடுக்கிறன்."

பஞ்சலிங்கம் உட்கார்ந்தார். சிவகௌரி தேத்தண்ணி போட ஓடினார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. கஜீபன் தலையை நிமிர்த்தினான். குணலட்சுமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. நல்லாயிருக்கு என்ற அந்தச் சொல், இத்தனை வருடம் அவர் சமைத்துப் போட்ட ஒன்றுக்கும் கிடைத்ததில்லை. மிச்சப் பலகாரத்தைக் கட்டித் தந்தபோது அதைக் கணவரிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பாண் என்பது மாப்பொருள் என்று தியாகலிங்கத்தார் சொன்ன இடத்தில், அதிலே புரதமும் கொஞ்சம் இருக்கிறதே என்று உங்கள் நாக்கு துடித்ததா? துடித்திருந்தால், அடுத்த முறை யார் வீட்டுக்குப் போனாலும் உங்கள் மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காராதீர்கள்.