முதலாளி கிளீனர் ஆன மாசி மகம்

பெங்களூரில் வேலை பார்க்கிற என் பேரனை அவன் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் கயிறு இழுக்க வைக்கிறார்கள். கேட்டால், ‘கம்பெனி கல்ச்சர் தாத்தா, எல்லாரும் ஒண்ணா இருக்கணும்ல’ என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இந்தக் கல்ச்சரை எழுபதுகளின் தொடக்கத்திலேயே அரூரில் ஒரு பஸ் கம்பெனிக்குள் கொண்டுவரப் பார்த்தவன் நான். கொண்டுவந்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன். உட்கார்ந்து கேளுங்கள்.

கம்பைநல்லூரில் கடலைக்காடு வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை நான். பி.காம். பாஸ் பண்ணிய திமிரோடு, ஒன்பது பஸ் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியில் மேனேஜராகச் சேர்ந்தேன். (மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மேஜை இருந்தது, மின்விசிறி இல்லை.) முதலாளியைத் தொழிலாளிகள் உள்பட ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடும். புளி மண்டியில் ஆரம்பித்து பஸ் வரைக்கும் வந்தவர். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, நல்ல கனத்த சரீரம்.

கம்பெனியில் மூன்று கட்சி. பஸ்ஸில் ஓடுகிறவர்கள் ஒரு கட்சி, ஷெட்டில் ரிப்பேர் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி, ஆபீஸ்காரர்கள் ஒரு கட்சி. வழியில் வண்டி நின்றால் டிரைவர் ஷெட்டைத் திட்டுவார். ஷெட்டு, ‘சாமான் வாங்கிக் குடுக்காத ஆபீஸ்காரனைக் கேளுங்க’ என்னும். ஆபீஸ், ‘புளிமூட்டை மாதிரி ஆளை அடைச்சா வண்டி நிக்காம என்ன பண்ணும்?’ என்று கண்டக்டர் மேல் பாயும். ஒரு கட்சி டீ குடிக்கிற கடையில் இன்னொரு கட்சி தண்ணீர்கூடக் குடிக்காது.

பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, உங்க ஈஸ்டர் வரைக்கும் டைம் தர்றேன். இந்த மூணையும் ஒண்ணாக்கிக் காட்டு. வேலை நிரந்தரம். ஆகலேன்னா கம்பைநல்லூருக்கு நம்ம பஸ்லயே ஏறிக்க. டிக்கெட் எடுக்க வேணாம்.”

இதில் என் வேலை மட்டும் தொங்கவில்லை. கல்யாணமும் தொங்கியது. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் ஸ்டெல்லா, டீச்சர். அவள் அப்பாவோ, “நிரந்தர ஆர்டர் கையில வரட்டும் மாப்ள. அப்புறந்தான் கோயில்ல ஓலை படிக்கச் சொல்லுவேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். (ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் வாசிக்கிற அறிவிப்பு.) ஸ்டெல்லாவை அதுவரை மூன்றே முறைதான், அதுவும் பூசை நடக்கும்போது, தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அதற்கே ராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் நிர்வாகப் பயிற்சி என்று ஐந்து நாள் போய்வந்திருந்தேன். அங்கே ஒரு டை கட்டிய மனிதர், “நிறுவனத்துக்கு ஒரு பண்பாடு வேண்டும்” என்றார். சரி, அரூருக்கும் வரட்டும் என்று முதலில் கை குலுக்கும் திட்டம் போட்டேன். தினமும் காலையில் மூன்று கட்சியும் ஒருவருக்கொருவர் கை குலுக்க வேண்டும். முதல் நாளே ஷெட்டு மெக்கானிக் சின்னப்பையன் (பேர்தான் அப்படி, மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடும்) கிரீஸ் கையோடு வந்து எல்லாரையும் அன்பாகக் குலுக்கிவிட்டுப் போனான். அன்றைக்கு விற்ற டிக்கெட் அத்தனையிலும் கறுப்பு விரல். கண்டக்டர் மாணிக்கம் என் மேஜையில் வந்து கையை விரித்துக் காட்டி, “இதுதானுங்களா சார் பண்பாடு?” என்று கேட்டார்.

நான் அசருவேனா? அடுத்த திட்டம் போட்டேன். ஒரே ஒரு நாள், எல்லாரும் அடுத்தவர் வேலையைச் செய்வது! அடுத்தவன் கஷ்டம் தெரிந்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் அல்லவா? மாணிக்கம் முதலாளி நாற்காலியில். சின்னப்பையன் ஆபீஸில். நான் கண்டக்டர். பாய் கிளீனர். டிரைவர் முனுசாமியை மட்டும் மாற்றவில்லை. (அந்த அளவுக்குப் புத்தி மிச்சமிருந்தது.) பாயைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். மனிதர் குஷியாகிவிட்டார். “சின்ன வயசுல பஸ்ல தொங்கிட்டுப் போகணும்னு ஆசை தம்பி. எங்க வாப்பா வுடல” என்றார்.

கூட்டமே இல்லாத நாளாக, கூட்டமே இல்லாத தீர்த்தமலை மத்தியான டிரிப்பாக நானும் பாயும் உட்கார்ந்து தேடி ஒரு புதன்கிழமையைக் குறித்தோம். எனக்கு அது தவக்காலத்தில் ஒரு நாள். கறி தின்னக்கூடாது என்பது மட்டும் ஞாபகம். பாய்க்கு அது வெறும் புதன்கிழமை. அன்றைக்கு மாசி மகம், தீர்த்தமலையில் தேர், சுற்றுப்பட்டு ஜனம் மொத்தமும் மலைக்குப் போகும் என்பது எங்கள் இரண்டு பேரையும் தவிர கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தனாவது சொன்னானா? பிறகு கேட்டதற்கு முனுசாமி, “தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம் சார். பயங்கர தைரியசாலின்னு ஷெட்டுல பேசிக்கிட்டாங்க” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பாய் முதலில் கூச்சத்தோடு “தீர்த்தமலை... தீர்த்தமலை” என்று முனகினார். இரண்டு நிமிஷத்தில் சூடு பிடித்துவிட்டது. “ஏறு ஏறு! தீர்த்தமலை, தீர்த்தமலை, தீர்த்தமலேய்!” தன் பஸ்ஸின் முதுகில் தானே டம் டம் என்று தட்டினார். ஜனம் ஏறியது. ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. நான் தோளில் தோல் பையும் வாயில் விசிலுமாக நடுவில் மாட்டிக்கொண்டேன். கையை மேலே தூக்கினால் கீழே இறக்க இடமில்லை.

“பையனுக்கு டிக்கெட் எடும்மா.”

“அவனுக்கு அஞ்சு வயசுதானுங்க.”

“ஆறாவது படிக்கறேன் சார்” என்றான் பையன். அம்மாக்காரி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டு பாதி எனக்கும் விழுந்தது. மொட்டை போடப் போகும் குழந்தை ஒன்று என் சட்டையில் வாந்தி எடுத்தது. ஆனாலும் சொல்கிறேன், விசிலை இரண்டு தரம் ஊதினால் அவ்வளவு பெரிய வண்டி கிளம்புகிறது, ஒரு தரம் ஊதினால் நிற்கிறது! அந்தப் போதை லேசுப்பட்டதில்லை. ஊதிக்கொண்டே போனேன்.

தீர்த்தமலைக்கு முன்னால் ஒரு மேடு. அங்கே இரண்டு பேர் கை காட்ட, நானும் வீராப்பாக ஒரு விசில் கொடுத்து நிறுத்திவிட்டேன். பாரம் தாங்காமல் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. “கட்டை போடு! கட்டை போடு!” என்று முனுசாமி அலறினார். அப்படி உருளும்போது கிளீனர் குதித்துப் பின்சக்கரத்தில் கட்டை வைப்பார். வண்டி நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். பாய் குதித்தார். கட்டையும் வைத்துவிட்டார். சபாஷ் என்று நான் இரண்டு விசில் ஊதினேன். வண்டி மேட்டில் பாய்ந்து ஏறியது.

“அரோகரா!” என்று பஸ்ஸே அதிர்ந்தது.

பின்னாலிருந்து ஒருவர், “கண்டக்டரே, யாரோ பெரியவரு கத்திக்கிட்டே ஓடியாறாருங்க. நிறுத்துங்க” என்றார்.

“எடமில்லீங்க! அடுத்த பஸ்ல வரச் சொல்லுங்க!” என்று நான் கர்ஜித்தேன்.

தீர்த்தமலையில் ஒருவர் மேலே இருந்த தன் மூட்டையை இறக்கச் சொன்னார். கிளீனரைத் தேடினேன். முனுசாமி இறங்கிவந்து, “சார், பாய் எங்கீங்க?” என்றார். வேலை போயிற்று, ஓலை போயிற்று, ஸ்டெல்லாவும் போயிற்று! தபாலாபீசுக்கு ஓடிப்போய் அரூர் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

“ஹலோ, முதலாளி பேசறேன்” என்றது குரல்.

“பாய்! வந்து சேந்துட்டீங்களா!”

“மாணிக்கம்ங்க. இன்னிக்கி நாந்தானுங்களே முதலாளி?”

“யோவ், நெஜ முதலாளியைக் காணோம்யா! மேட்டுல வுட்டுட்டு வந்துட்டேன்!”

மாணிக்கம் போனை வைக்காமலேயே, “டேய், எல்லாரும் வாங்கடா! மேனேஜர் பாயைத் தொலைச்சிட்டாரு!” என்று கத்தியது எனக்குக் கேட்டது.

ரிப்பேர் முடிய ஒரு வாரம் ஆகும் என்று சின்னப்பையன் சத்தியம் பண்ணியிருந்த வண்டி, பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டது. (இதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.) மூன்று கட்சியும் அதில் ஒன்றாக ஏறி அரூரிலிருந்து வர, நானும் முனுசாமியும் காலி பஸ்ஸோடு தீர்த்தமலையிலிருந்து திரும்ப, மேட்டில் சந்தித்தோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் பாய் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஜிப்பா முழுக்கப் புழுதி. சாமிக்குப் போகிற யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம பஸ்ஸு இன்னொண்ணு வந்துச்சு” என்றார் மெதுவாக. “கையைக் காட்டுனேன். கண்டக்டர் மூஞ்சியக்கூடப் பாக்காம ‘எடமில்ல பெருசு, தள்ளு’ன்னுட்டுப் போயிட்டான்.” பிறகு டம்ளரைக் கீழே வைத்து, உறுமினார்: “இதுக்கெல்லாம் யாரு காரணம்?”

வழக்கமாக அந்த இடத்தில் டிரைவர் ஷெட்டைக் காட்ட வேண்டும், ஷெட்டு ஆபீஸைக் காட்ட வேண்டும். அன்றைக்கு ஷெட்டு, ஆபீஸ், டிரைவர், கண்டக்டர் என்று அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் என் பக்கம் நீண்டன.

“மேனேஜருங்க!”

பாய் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் தொப்பை முதலில் குலுங்கியது. அப்புறம் சின்னப்பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு ஒரே சிரிப்பு. மாணிக்கம் சின்னப்பையன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! ஆபீஸ்காரர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழுகிற நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

“நாளைக்கி வந்து ஆர்டரை வாங்கிக்க” என்றார் பாய்.

“வேலையை வுட்டுப் போற ஆர்டருங்களா பாய்?”

“நிரந்தர ஆர்டர்டா! இத்தன வருசத்துல மூணு கட்சியும் ஒரே வார்த்தை பேசி இன்னிக்கித்தான் கேக்கறேன். இவங்க ஒண்ணாச் சேர்ந்து திட்டறதுக்குப் பொதுவா ஒரு ஆளு வேணும். நீ எங்கயும் போவாத.”

அந்த உத்தியோகத்தை முப்பது வருஷத்துக்கு மேல் குறைவில்லாமல் பார்த்தேன். ஈஸ்டர் முடிந்து கோயிலில் ஓலை படித்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று கட்சியும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து, மாசி மகத்தை ஆளுக்கொரு விதமாகப் பெண் வீட்டாரிடம் சொல்லித் தீர்த்தார்கள். மாமனார் முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் ஸ்டெல்லாதான் முதல் ஆளாக வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, பூட்டும் போட்டுக்கொள்வாள். என்ன அவசரம் என்று மருமகள்கள் கேட்டால் பதில் தயாராக இருக்கும்:

“மொதலாளியையே ரோட்ல வுட்டுட்டு வந்த மனுசன். பொண்டாட்டியெல்லாம் எம்மாத்திரம்?”