அம்மாவின் வாய் சிவந்த சூரன்போர்

"பல்லுத் தீட்டப் பழகிறதுக்கு அஞ்சு வருசமோ? எனக்கு உதுக்கு அஞ்சு நிமிசமே கூடிப்போச்சு."

பல் வைத்தியம் படிக்கத் தெரிவாகிய செய்தியை நான் கற்கண்டோடு கொண்டுபோனபோது பெரியம்மா வழங்கிய வாழ்த்து இது. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் சொன்னார். கடிக்க வழியில்லாமல் அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நிமிடக் கல்வியின் பயனாக அவரிடம் அப்போது மிஞ்சியிருந்தவை ஒன்பது பற்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இடம்பெயர்வுகளுக்குள் அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அப்பாவின் படிப்பு அதற்கும் முன்னரே வெங்காயப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. ஆகவே கம்பஸ் போனதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று இணுவிலில் சிலர் சொல்வார்கள். அது பொய். கொஞ்சம் அல்ல.

மூன்றாம் வருடத்தில் ஒரு விடுமுறைக்கு வந்தேன். (வெள்ளைக் கோட்டையும் கொண்டுவந்தேன். தோய்க்க வேண்டும் என்று சொன்னேன். தோய்த்துக் காய்ந்த பிறகும் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தேன்.) வந்த அன்றே சீர்திருத்தம் தொடங்கியது. கிணற்றடி வேலியில் செருகியிருந்த அப்பாவின் பிரஷ்ஷை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். அதன் தும்புகள் நான்கு திசைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தன.

பல் தீட்டுவது என்றால் அப்பாவுக்கு, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவருவது. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்புவார். பீற்றூட் இலையைப் புரட்டிப் பூச்சி பார்ப்பார். வீதியால் போகிறவரை மறித்து மழை வருமா என்று கேட்பார். இவ்வளவு நேரமும் அசையாத ஒரே பொருள் அந்த பிரஷ்தான்.

"அப்பா, மெதுவாய், சின்ன வட்டமாய், பல்லும் முரசும் சேருற இடத்தில தீட்டோணும். ரண்டு நிமிசம். காலமையும் படுக்கப் போக முதலும்" என்று என் ஈறில் விரல் வைத்துக் காட்டினேன்.

"இரவிலயுமோ?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார். "இருட்டுக்கை பல்லை ஆருக்குக் காட்ட?"

"கிருமிக்கு இரவு பகல் இல்லை அம்மா."

"அதுகளையும் கொஞ்சம் படுக்க விடு பிள்ளை" என்றார் அப்பா.

இப்படியே சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது கந்தசஷ்டிக் காலம். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் விரதம். ஐந்து நாள் ஒரு நேரம் பாலும் பழமும், ஆறாம் நாள் சூரன்போர் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் உள்ளே போகாது. இந்த விரதத்தை நேர்ந்தால் தொடர்ந்து ஆறு வருடம் பிடிக்க வேண்டும் என்பது முறை. அம்மா நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் நேர்ந்தவர். பிள்ளை கம்பஸ் போகவேண்டும், போனால் முடித்துக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் நேர்த்தி. பரீட்சைக்கும் கம்பஸ் வாசலுக்கும் இடையிலேயே இரண்டு வருடத்துக்கு மேல் போனதால், அது ஆறாவது வருடம். அந்தச் சூரன்போரோடு நேர்த்தி நிறைவு.

விரத நாட்களில் அம்மாவும் பெரியம்மாவும் பேஸ்ற்றைத் தொடுவதில்லை. மாவிலையை மடித்துப் பல்லில் தேய்த்துக் கொப்பளிப்பார்கள்.

"பேஸ்ற் இனிக்குது பிள்ளை. வாயில இனிப்புப் பட்டா பேந்தென்ன விரதம்?" என்று அம்மா கேட்டார்.

பேஸ்ற் வேண்டாம், வெறும் பிரஷ்ஷை நனைத்துத் தீட்டுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பேஸ்ற்றுக்கு அதன் வேலை உண்டு; ஆனால் பல்லில் பிடித்த ஊத்தையை உரஞ்சி எடுப்பது தும்புதான். இது எனக்குத் தெரியும். எளிய வழியைச் சொல்வதற்கா வெள்ளைக் கோட்டுப் போட்டது? மாவிலை பல்லைச் சுத்தமாக்காது என்று நிரூபிக்க விரும்பினேன். அதற்கென்று என் பையில் ஒரு சின்னப் போத்தலும் இருந்தது.

போத்தலில் இருந்தது சாயம். கண்ணுக்குத் தெரியாமல் பல்லில் படிந்திருக்கும் ஊத்தையில் ஒட்டி, அதைச் சிவப்பாகக் காட்டும். வீட்டில் மூன்று பேருடைய வாயில் பூசிப் படம் எடுத்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். விடுமுறை முழுவதும் அதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் சூரன்போர் நாள் மத்தியானம்தான் போத்தலை எடுத்தேன். மறுநாள் எனக்குப் பஸ்.

முதலில் அப்பா. வெற்றிலை போடுகிற வாய். பூசுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நிறம். சாயம் தோல்வியை ஒப்புக்கொண்டது. அடுத்தது பெரியம்மா.

"எனக்கு ஒம்பதுதானே கிடக்கு. கெதியாய் முடியும்" என்று வாயைத் திறந்தார்.

அம்மா மட்டும் தயங்கினார். "விரதத்துக்கு ஒண்டும் வராதே பிள்ளை? இண்டைக்குக் கடைசி நாள்."

"இது சாப்பாடில்லை அம்மா, மருந்து. விழுங்காமல் துப்பினால் சரி."

"நீ படிச்சனீ. உனக்குத் தெரியும்தானே" என்று அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பூசினேன். அப்பாவின் வாய் கணக்கில் சேராததால் மூன்றாவது வாய் என்னுடையது, அதற்கும் பூசினேன். மாவிலை போகாத சந்துகள் எல்லாம் செக்கச் சிவந்து நின்றன. அம்மாவின் கடைவாய்ப் பக்கம் சூரியன் மறைவதுபோல் இருந்தது. படம் எடுத்தேன். "பாருங்கோ, பாருங்கோ!" என்று கண்ணாடியைப் பிடித்து ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். பெரியம்மாகூடக் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். என் கல்வி வாழ்க்கையின் உச்சம் அது. அது முடிய, கொப்பளிக்கச் சொன்னேன்.

கொப்பளித்தார்கள். வெறும் பிரஷ்ஷால் தீட்டக் கொடுத்தேன். பல்லில் பிடித்தது மெல்லப் போனது. உதட்டிலும் நாக்கிலும் பிடித்தது போகவில்லை. சாயம் பூச முதல் உதட்டுக்கு வசிலின் தடவ வேண்டும், நாக்கில் பட்டால் மணிக்கணக்கில் நிற்கும் என்று விரிவுரையில் சொன்னார்கள். நான் முன்வரிசையில் இருந்து தலையாட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்டிய தலைக்குள் என்ன போனது என்பதுதான் ஞாபகம் இல்லை.

மாவிலையால் தேய்த்தோம். உப்பால் தேய்த்தோம். தேசிக்காய் கொண்டு ஓடிவந்தேன். "புளி உள்ளுக்குப் போனா விரதம்!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கோயில் மணி கேட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முழுகி, ஈரத் தலையோடு, விபூதி பூசிய விரதகாரர் இரண்டு பேர், வெற்றிலை மென்று இப்போதுதான் துப்பிவிட்டு வந்த வாயோடு நின்றார்கள்.

"ஒருத்தரோடயும் கதையாதேங்கோ. வாயைத் திறக்காமல் நிண்டால் காணும்" என்று நான் மருத்துவ ஆலோசனை வழங்கினேன்.

சூரன்போரை நான் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறேன். வீதி நிறையச் சனம். சூரனைத் தோளில் தூக்கி ஆட்டி ஆட்டிக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தலையாக விழும். வேல் படும் அந்தக் கணத்தில் வீதியில் நிற்கிற ஒவ்வொருவரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தொண்டை நரம்பு தெரிய, "அரோகரா!" என்று கத்துவார்கள். வாயைத் திறக்காமல் நிற்கும்படி நான் ஆலோசனை சொன்ன இடம் இதுதான்.

அம்மா முதல் இரண்டு தலைக்கும் உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணீர் விட்டார். மூன்றாவதற்கு முடியவில்லை. ஆறு வருட நேர்த்தி அந்த ஒரு சத்தத்தில் வெளியே வந்தது. வாய் அகலத் திறந்தது. உள்ளே அண்ணம் வரைக்கும் சிவப்பு.

பக்கத்தில் நின்ற பவளமக்கா திரும்பினார். எங்கள் ஊர்ச் சஷ்டிக்காரருக்கு மேற்பார்வையாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர் அவர்.

"என்ன ராணி! சூரன் விழ முதலே வெத்திலையோ?"

சூரனைப் பார்த்துக்கொண்டிருந்த சனத்தில் கால்வாசி அம்மாவைப் பார்த்தது. அம்மாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்து உதட்டில் மட்டும் மிஞ்சியதுபோல் தெரிந்தது.

"அது வெத்திலை இல்லை, மருந்து, அன்ரி" என்று நான் முன்னால் வந்தேன். "அது பல்லில படிஞ்சிருக்கிற..." என்று தொடங்கியபோதுதான் எனக்கும் அதே வாய் என்பது நினைவுக்கு வந்தது.

"நல்ல வடிவு! தாயும் மகளும் சோடியாய்த்தான் போட்டிருக்கினம்" என்றார் பவளமக்கா.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து பவளமக்காவின் மூக்குக்கு நேரே நின்றார். "வெத்திலையோ? மணந்து பாரும்!" என்று தன் முழு வாயையும் திறந்து ஒரு மூச்சு விட்டார்.

ஆறு நாள் பட்டினி கிடந்த வாய். பவளமக்கா இரண்டு அடி பின்னால் போய், ஒரு கச்சான்காரியின் கடலைப் பெட்டியில் கையூன்றி நின்றார்.

"வெத்திலை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "சத்தியமாய் இல்லை. மூடும், மூடும்."

சனம் சிரித்தது. நானும் மூச்சு விட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பவளமக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"அப்ப ராணி, உது மருந்தெண்டால் உள்ளுக்கு ஒண்டும் போகேல்லைத்தானே?"

'போகேல்லை' என்று சொன்னால் போதும். நான் அம்மாவின் கையைப் பிடித்து அமத்தினேன். அம்மா கோயில் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் போயிட்டுது அக்கா" என்றார். "தெரியாமல் விழுங்கிப்போட்டன். இனிச்சது."

(சாயத்துக்குப் பழச்சுவை சேர்த்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அடம்பிடிக்காமல் இருப்பதற்காக.)

ஐயர் வந்து, மனசு சுத்தமாய் இருந்தால் விரதத்துக்குக் குறை இல்லை என்று சொன்னார். அப்பா வந்து, ஒரு சொட்டுத்தானே என்று சொன்னார். பெரியம்மாவும் விழுங்கியிருந்தார், அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "நான் எத்தினையாம் வருசம் பிடிக்கிறன் எண்டு எண்ணிறதை விட்டிட்டன். முருகனும் விட்டிருப்பார்." அம்மா மட்டும் ஒருவர் சொன்னதையும் எடுக்கவில்லை. மறுநாள் காலை பாறணைச் சாப்பாட்டில், விரதம் முடித்தவர்களின் வரிசையில் இருக்காமல், மற்றவர்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து என் பையில் பருத்தித்துறை வடையை வைத்துக் கட்டியபடி சொன்னார்:

"வாற வருசம் முதல்லயிருந்து தொடங்கிறன். நீ பஸ்ஸுக்கு வெளிக்கிடு."

அந்த வடையை நான், கம்பஸ் இருக்கும் கண்டிவரை தொடவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், வெற்றிலைத் தட்டம் என் பக்கம் வரும்போது யாராவது மறிப்பார்கள். "டொக்டருக்கு நீட்டாதேங்கோ, அவ தன்ரையைக் கொண்டந்திருப்பா." அப்பா சஷ்டி நாளில் வடையோடு பிடிபட்டால், "விழுங்கேல்லை, படம் எடுக்கத்தான் வாயில வைச்சனான்" என்பார். அம்மாவும் சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

அம்மாவின் புது ஆறு வருடத்தில் இது இரண்டாவது. முதலாவதை நான் விடுதிக் கட்டிலில் இருந்து தொலைபேசியில் விசாரித்ததோடு சரி. இம்முறை லீவு எடுத்துக்கொண்டு வந்து, நேற்றுக் காலை ஈரத் தலையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நானும் சங்கற்பம் செய்துவிட்டேன். ஆறு வருடத்துக்கு. தர்ப்பைக்குக் கை நீட்டினபோது பவளமக்கா குறுக்கே வந்து, முதலில் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டிவிட்டுத்தான் வாங்கினேன்.