என் போன், என் உரிமை

என் மானத்தை வாங்கியது ஒரு போன். அதை நான் என் காசில் வாங்கியிருந்தேன்.

நடந்தது இதுதான். நெடுங்காட்டில் கருப்பையனுடைய மாமனார் இறந்துவிட்டார், மாலை போட்டுவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கருப்பையன் என்னோடு ஆபீசில் வேலை பார்ப்பவன். அவனுடைய மாமனார் அன்றைக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். எனக்கு வேறு வழியில்லை. என் சர்க்கரை இருநூற்று எண்பது. என் மனைவி திரிபுரசுந்தரியோ அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த நிலைமையில் திருமலைராயன்பட்டினம் பாய் கடையில் சீரகச் சம்பா பிரியாணி தின்ன வேண்டுமென்றால் யாராவது ஒருவர் செத்துத்தான் ஆக வேண்டும்.

தின்றேன். திரும்பினேன். துக்க வீட்டிலிருந்து வந்தவன் தலை முழுகாமல் உள்ளே நுழையக் கூடாதே! போனைக் கொல்லைப்பக்க ஜன்னலில் வைத்துவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு ஊற்றினேன். மூன்றாவது செம்பில் போன் ‘டிங்’ என்றது. ஜன்னலுக்கு உள்பக்கம் சுந்தரி நின்றாள்.

“என்னங்க, போன் ஏதோ கேக்குது.”

“என்ன கேக்குது?”

“பட்டினத்துல ஒரு கடைக்குப் போனீங்களாம். பிரியாணி எப்படி இருந்துச்சு, எத்தனை ஸ்டார் போடுவீங்கன்னு கேக்குது.”

நான் இன்னும் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டேன்.

“அது... நெடுங்காட்டுலேர்ந்து வர்ற வழியில...”

“நெடுங்காடு ஒரு பக்கம், பட்டினம் ஒரு பக்கம். பொணத்தை அவ்வளவு தூரம் சுத்தியா தூக்கிட்டுப் போனாங்க?”

“சுந்தரி...”

“அந்தப் பெரியவர் வெள்ளிக்கிழமைதான் பிரஷர் பாக்க எங்ககிட்ட வந்தாரு. ‘நல்லா இருக்கியாம்மா’ன்னு என்னையக் கேட்டுட்டுப் போனாரு. சரி, தலையத் தொவட்டிட்டு வாங்க. அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்.”

ஒரு வாரம் கோதுமைக் கஞ்சி. கஞ்சியை விழுங்க விழுங்க எனக்கு ஞானம் வந்தது. எவனோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நான் எங்கே போகிறேன், என்ன தின்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கொசு கடிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கொசுவலை விளம்பரம் வருகிறது. எதைத் தொட்டாலும் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறான். என் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை தடவை சம்மதம் கேட்கவில்லை. இதைச் சுந்தரியிடம் சொன்னபோது, “என்னைய ஒரு தடவைகூடக் கேக்கலை” என்றாள்.

அன்று மாலை சட்டம் போட்டேன்.

“சுந்தரி, இன்னையிலேர்ந்து அவங்கவங்க போன் அவங்கவங்களுக்கு. லாக் போட்டுக்கணும். ஒருத்தர் போனை ஒருத்தர் தொடக் கூடாது. யார் பேசினா, என்ன மெசேஜ், எங்க போறே, எதுவும் கேக்கக் கூடாது. தனிமனுஷ ரகசியம் பிறப்புரிமை!”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்தான்” என்றேன் தாராளமாக.

“அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“நானா?”

“அப்ப என் போனுக்கும் ஒரு லாக் போட்டுக் குடுங்க.”

நானேதான் போட்டுக் கொடுத்தேன். நம்பரை அழுத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். திருப்பிக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் போனுக்கு லாக்கே கிடையாது. தினமும் நான்தான் திறந்து பார்ப்பேன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் குடும்பப் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய சூப்பரிண்டெண்ட் அனுப்பிய மெசேஜ் ஒன்றை அப்படித்தான் பார்த்தேன். ‘ஹெட் நர்ஸ் புரமோஷன். இடம் மாஹே. விருப்பமா?’ மாஹேயும் நம் புதுச்சேரி அரசுதான், ஆனால் அந்தக் கோடியில், மலையாளக் கரையில் கிடக்கிறது. அவள் அங்கே போய்விட்டால் இங்கே சோறு யார் வடிப்பது? அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ‘விருப்பமில்லை’ என்று நானே அடித்து அனுப்பினேன். பிறகு இரண்டையும் அழித்துவிட்டேன்.

அந்த இடம் அவளுக்கு ஜூனியரான அஞ்சுகத்துக்குப் போனது. சுந்தரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “என்னைய ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேங்க” என்றாள். கவர்மெண்ட் என்றால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். நல்ல கணவன்.

சட்டம் போட்ட முதல் வாரம் இனித்தது. இரண்டு பிரியாணி. இரண்டாவது வாரம் அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. இறங்கி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“யாரு சுந்தரி?”

“பிறப்புரிமைங்க.”

என்னால் தாங்க முடியவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த சமயம் போனை எடுத்து என் பிறந்தநாளைப் போட்டேன். திறக்கவில்லை. கட்டிக்கொடுத்த எங்கள் மகளின் பிறந்தநாள். திறக்கவில்லை. கடைசியாக எங்கள் கல்யாண நாளைப் போட்டேன். ‘தவறு’ என்றது.

மாலையில் போனை என் முன்னால் நீட்டினாள். “யாராவது தப்பா நம்பர் போட்டா போட்டோ எடுத்துருமாம். பாருங்க, நல்லா விழுந்துருக்கீங்க.”

வாயைப் பிளந்துகொண்டு, மூக்கு பெரிதாக, ஒரு திருடன் மாதிரி இருந்தேன்.

பத்து நாள் கழித்துக் கூடத்தில் பெட்டி நின்றது.

“எங்க போறே?”

“கேக்கக் கூடாது. ஆனா சொல்றேன். மாஹேக்கு. ஹெட் நர்ஸா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“புது லிஸ்ட் வந்துச்சு. போன தடவை ஏன் சார் என்னைய விட்டீங்கன்னு நேர்ல போய்க் கேட்டேன். ‘நீதானேம்மா விருப்பமில்லைன்னே’ன்னு சூப்பரிண்டெண்ட் அவர் போனை எடுத்துக் காட்டினாரு. நாம அழிச்சா நம்ம போன்லதாங்க அழியும்.”

கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை, பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

எர்ணாகுளம் ரயிலில் ஏற்றிவிடப் போனேன்; வழியில் வண்டி மாறி மாஹே போக வேண்டும். பெட்டியை நான்தான் தூக்கினேன். ஜன்னல் வழியாக ஒரு டப்பாவைக் கொடுத்தாள்.

“ரெண்டு மாசத்துக்கு மாத்திரை இருக்கு. இனிமே பிரியாணிக்காக யாரையும் சாகடிக்காதீங்க, பாவம்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“சுந்தரி, நான் வேணா லீவு போட்டுட்டு அங்க வந்து ஒங்கூட இருக்கட்டுமா?”

போனை எடுத்தாள். அவள் லாக்கைத் திறக்கும்போது நான் பழக்கதோஷத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என்னவோ அடித்தாள். வண்டி நகர்ந்தது. என் சட்டைப்பையில் ‘டிங்’ என்றது.

‘விருப்பமில்லை.’