ஆறு டிவிக்கும் ஒரே குறை

"புது டிவி வாங்கும் விஷயத்தில் இந்த வீட்டில் இனி என் பேச்சுதான் கடைசிப் பேச்சு."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை வாசலில் நிமிர்ந்து நின்று இப்படி அறிவித்தேன். உள்ளே என் மனைவி மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அதனால் இரண்டாவது முறையும் அறிவிக்க வேண்டியதாயிற்று.

"சரி" என்றாள்.

முப்பத்து நான்கு வருஷ இல்லறத்தில் இந்தச் "சரி"யைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வீடு மாறலாம் என்று சொன்னபோது கேட்டேன். மீசையை எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது கேட்டேன். அதே வீட்டில்தான் இருக்கிறோம். மீசையும் இருக்கிறது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் எங்கள் மகள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. மாலை ஏழு மணிச் செய்தியில் திரையின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் வருமே, அதற்குள் ஒருவர் நின்று செய்தியைச் சைகை மொழியில் சொல்வாரே, அடுத்த மாதம் போய் அதற்கடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அங்கே நிற்கப் போவது அவள்தான். அதற்கு ஆறு வாரம் இருந்தது.

எங்கள் டிவியிலோ அந்தக் கட்டம் உருப்படியாகத் தெரியவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. விரல் தெரியவில்லை. இப்போது அங்கே நிற்கும் பெண்ணின் கைகள் எனக்கு உருகிய ஐஸ்கிரீம் மாதிரி இருந்தன. விளக்கைக் காட்டினால் விளக்கைச் சுற்றி ஒரு வளையம். கறுப்புச் சட்டையைக் காட்டினால் டீ கலர்.

"டிவி செத்துப்போச்சு."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"நீ கதை பாக்கற. நான் படம் பாக்கறேன்."

"ரெண்டும் ஒரே டிவிலதானே வருது? எதுக்கும் ஒருதடவை டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிடலாமே."

"இந்தக் கண்ணையா?"

"வேற கண்ணு வெச்சிருக்கீங்களா?"

இந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் தினப் பத்திரிகை அச்சகத்தில் வண்ணம் பார்த்த கண். ஓடுகிற எந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவுவேன். சின்ன லென்ஸ் ஒன்றை அதன் மேல் வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்ப்பேன். மஞ்சள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் பிடித்துவிடுவேன். பிடித்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குக் குறைச் சீட்டு என்று பெயர். என் கையெழுத்தோடு குறைச் சீட்டு வந்தால் எந்திரம் நின்றாக வேண்டும். குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் ஒருத்தரும் எந்திரத்தின் மேல் கை வைக்கக் கூடாது. பத்திரிகை ஆசிரியரே ஒருமுறை இறங்கி வந்து கெஞ்சினார். "கையெழுத்துன்னா கையெழுத்துதான் சார்" என்றேன். ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது. இந்தக் கதையை மாதம் ஒருமுறையாவது வீட்டில் சொல்லிவிடுவேன். மனைவிக்கு மனப்பாடம். அதுதான் வினையாகிவிட்டது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டர் என்றால் எனக்குப் பயம். கண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் ஊசியோடு வருவதை நினைத்தாலே முழங்கால் இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும். டிவிக் கடைக்காரர் ஊசி வைத்திருப்பதில்லை. எனவே, குறை டிவியில்தான் என்று முடிவு செய்தேன்.

ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தேன். எல்சிடி, எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி. படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. சுற்றிய தலையோடு மனைவிக்குப் பாடம் எடுத்தேன்.

"இப்போ நம்ம வீட்ல இருக்கிறது பழைய மாடல். திரைக்குப் பின்னாடி ஒரே பெரிய லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னாடி இருக்கிற புள்ளிங்க கதவு மாதிரி. கறுப்பு வேணும்னா கதவைச் சாத்தும். ஆனா கதவிடுக்குல வெளிச்சம் கசியும். அதான் கறுப்பு, கறுப்பா இல்ல."

"சரி."

"க்யூஎல்இடின்னா அதே லைட்டுதான், நடுவுல கலரைத் தூக்கிக் காட்டற மாதிரி ஒரு படலம். மினி எல்இடின்னா அந்தப் பெரிய லைட்டை நூத்துக்கணக்கான குட்டி லைட்டா உடைச்சு வெச்சிருப்பான். தேவையில்லாத இடத்துல மங்க வெச்சுக்கலாம்."

"சரி."

"ஓஎல்இடிதான் ராஜா. பின்னாடி லைட்டே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ரூமுக்கு ரூம் தனி சுவிட்ச் மாதிரின்னு வெச்சுக்கயேன். ஆள் இல்லாத ரூம்ல லைட்டு அணைஞ்சிடும்."

"நீங்க என்னிக்கு ஆள் இல்லாத ரூம்ல லைட்டை அணைச்சிருக்கீங்க? உங்களுக்கு எதுக்கு ஓஎல்இடி?"

இதற்கு எந்த இணையதளத்திலும் பதில் இல்லை.

ஆனால் அவளே அடுத்த யோசனையையும் சொன்னாள். "படிச்சுப் படிச்சே முடிவு பண்ணா எப்படிங்க? அச்சகத்துல படிச்சா முடிவு பண்ணீங்க? கடைக்குப் போவோம். ஒவ்வொரு டிவிக்கும் குறைச் சீட்டு எழுதுங்க. எது பாஸோ அதை வாங்கிடலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாகக் குறைச் சீட்டு எழுதாத கை இது. அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு சீட்டுத் தயாரித்தாள். நீளவாக்கில் கறுப்பு, விளக்கு, நீலம், விரல். குறுக்கே "வலது கண்", "இடது கண்" என்று இரண்டு பத்தி.

"எதுக்கு ரெண்டு கண்ணு?"

"லென்ஸ் வெச்சுப் பாக்கறப்போ ஒத்தைக் கண்ணாலதானே பாப்பீங்க? ஒரு கண்ணு சொன்னதை இன்னொரு கண்ணு சரிபாக்கட்டுமே."

தொழில் தெரிந்த பேச்சு. இவளைப் போய் அச்சகத்தில் வேலைக்குச் சேர்க்காமல் விட்டோமே என்று நினைத்தேன்.

புதன்கிழமை கடைக்குப் போனோம். கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, எங்கள் சோபாவுக்கும் டிவிக்கும் இடையே உள்ள எட்டரை அடியைத் தரையில் அளந்து, அந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். சுவரில் வரிசையாக ஆறு டிவி. விற்பனைப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார்.

"அந்தச் சாம்பல் கோட்டு அம்மாகிட்ட செய்தி சேனல் போடச் சொல்லு" என்றேன்.

"இது ஊதா சார்" என்றார் அந்த அம்மா.

"கடைல லைட்டு சரியில்ல" என்று திருத்தினேன். என் மனைவி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அவரும் பதிலுக்குப் புன்னகை செய்தார். பெண்கள் சட்டென்று சிநேகமாகிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

முதல் டிவி. வலது கண்: கறுப்பு, டீ கலர். விளக்கு, வளையம் உண்டு. நீலம், அழுக்கு. விரல், எண்ண முடியவில்லை. இடது கண்: எல்லாம் கொஞ்சம் தேவலை. கையெழுத்து.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது க்யூஎல்இடி. அப்படியே. ஐந்தாவதைத் தாண்டி, என் ராஜாவான ஓஎல்இடிக்கு வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணை மூடினேன். ராஜாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கறுப்பு எப்படி இருக்கு? அப்படியே கரி மாதிரி இருக்கும்" என்றார் ஊதா அம்மா.

"கரியைப் பாத்திருக்கீங்களா நீங்க?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஆறு சீட்டையும் மனைவி வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். "எல்லா கம்பெனியும் சேர்ந்து ஏமாத்தறான்" என்றேன். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்து ஆறு சீட்டையும் மேஜை மேல் சீட்டுக்கட்டுப் போலப் பரப்பினாள்.

"இடது கண்ணுக்கு எல்லாமே தேவலைன்னு போட்டிருக்கீங்களே?"

"இடது கண்ணு அப்பாவி. அதுக்குக் குறை கண்டுபிடிக்கத் தெரியாது. வலது கண்ணுதான் பழகின கண்ணு."

"ஓஹோ. எனக்கு ஒரு சந்தேகங்க. உங்க அச்சகத்துல எத்தனை மெஷின்?"

"ஆறு."

"ஆறு மெஷின்லேர்ந்தும் ஆறு தாள் உருவறீங்க. ஆறுலயும் அதே இடத்துல அதே கறை. என்ன பண்ணுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். டீயைக் கீழே வைத்தேன்.

"அங்கதான் புதுசா வர்றவன் ஏமாந்து போவான். ஆறு மெஷினையும் நிறுத்திடுவான். நான் நிறுத்த மாட்டேன். ஆறுலயும் ஒரே கறைன்னா கறை மெஷின்ல இல்ல. லென்ஸ்ல இருக்கு. லென்ஸைத்தான் முதல்ல..."

நிறுத்தினேன்.

அவள் வென்ற முகம் காட்டவில்லை. சீட்டுகளை மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"முதல்ல என்னங்க பண்ணுவீங்க?"

"...துடைப்பேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்" என்றாள். "குழந்தை அந்தக் கட்டத்துல நிக்கறப்போ நீங்க பாக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

மறுநாள் போனோம். டாக்டர் அம்மா என் கண்ணைப் பார்ப்பதற்கு முன் ஆறு சீட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். யாரும் தன் கண்ணைப் பத்தி இவ்வளவு ஒழுங்கா எழுதிக்கிட்டு வந்ததில்ல. யார் எழுதினது?"

"நான்தான்" என்றேன். பெருமை பொங்கிவிட்டது. அதைப் பொங்கவிடாமல் அடக்கியிருக்கலாம்.

"வலது கண்ல புரை நல்லா முத்தியிருக்கு. இடதுல இப்பத்தான் ஆரம்பம். வலதுல உள்ள லென்ஸை எடுத்துட்டுப் புதுசு வெச்சிடலாம். கால்மணி நேர வேலை."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அதன் மேலிருந்த எங்கள் முன்பதிவுச் சீட்டு கண்ணில் பட்டது. மூக்கருகே கொண்டுவந்து படித்தேன். பதிவு செய்த தேதி, நான் சமையலறை வாசலில் கடைசிப் பேச்சை அறிவித்த அதே செவ்வாய்க்கிழமை.

"அன்னிக்கேவா?"

"நீங்கதான் ரெண்டு தடவை சொன்னீங்களே. முதல் தடவையே கேட்டுடுச்சு. இங்க கிடைச்ச முதல் தேதி இதுதான்."

அடுத்த திங்கட்கிழமை அறுவை அரங்கின் வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பி வீட்டுக்கு ஓடினால் எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"குறைச் சீட்டுல யாரோட கையெழுத்து?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னோடது."

"கையெழுத்துன்னா?"

"கையெழுத்துதான்" என்றேன். உள்ளே போனேன். அவள் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது அவள் முகம். கண்ணோரம் மூன்று கோடு. காதுக்கு மேல் ஒரு கொத்து நரை. இதெல்லாம் எப்போது வந்தது? என்னிடம் சொல்லாமலே வந்திருக்கிறது. நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று வருஷத்தில் வந்திருக்கிறது. வேறு எந்தத் தாளிலாவது இத்தனை கோடு இருந்தால் எந்திரத்தையே நிறுத்தியிருப்பேன். இதற்குக் குறைச் சீட்டு எழுதத் தோன்றவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"கலர் சரியா இருக்கு."

"போதும், டாக்டர் சிரிக்கறாங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் தேதி வந்தது. மாலை ஆறரைக்கே எட்டரை அடி தூரத்தில் உட்கார்ந்துவிட்டோம். அதே பழைய டிவி. ஏழு மணிக்குத் திரையின் வலது ஓரத்தில் கட்டம் விரிந்தது. உள்ளே என் மகள். கறுப்புச் சட்டை, கறுப்பாகவே இருந்தது. பத்து விரல். ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெள்ளம் வந்த செய்திக்கு அந்த விரல்கள் அலையாயின. பள்ளி திறந்த செய்திக்குக் கதவாயின. அவள் அம்மா கோபத்தில் மடிக்கும் அதே மாதிரி சுண்டு விரலை மடித்தாள். எனக்குச் சைகை மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. அரைமணி நேரம் முழுச் செய்தியும் புரிந்தது போலிருந்தது.

செய்தி முடிந்து கட்டம் மறைவதற்கு முன் ஒரு விநாடி, அவள் ஆள்காட்டி விரலால் தன் வலது கண்ணின் ஓரத்தைத் தொட்டாள். அது செய்தியில் இல்லாத செய்தி.

"என்னது அது?"

"நல்லாத் தெரியுதான்னு உங்களைக் கேக்கறா."

டிவியைப் பார்த்துத் தலையாட்டினேன். பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. சொட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போய், கோடு போட்ட சீட்டு ஒன்றைப் பேனாவோடு கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்ல நாள். பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதுல்ல?"

இருந்த சந்தோஷத்தில் எதை நீட்டியிருந்தாலும் எழுதியிருப்பேன். கறுப்பு, கறுப்பு. விளக்கு, வளையம் இல்லை. நீலம், நீலம். விரல், பத்து. குறை, இல்லை. அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

ஒரு வாரம் போயிற்று. மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை. சமையலறை வாசலில் போய் நிமிர்ந்து நின்றேன்.

"புதுக் கண்ணு வந்தாச்சு. குழந்தை தினமும் வர்றா. இந்த டிவில அவ உள்ளங்கை அளவுதான் இருக்கா. பெரிய ஓஎல்இடியா வாங்கினா ரெண்டு கை அகலத்துக்கு வருவா. இந்த விஷயத்துல என் பேச்சுதான்..."

மிக்ஸி ஓடவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரிக் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். குறை, இல்லை.

"இது யாரோட கையெழுத்துங்க?" என்றாள்.

ஓஎல்இடியின் கறுப்பு கரி மாதிரி இருக்குமாம். ஊதா கோட்டு அம்மா சொன்னதுதான்.